லயன் நடுச்சுவர் கூரையைத் தொடாவிட்டால்

கேள்வி: இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 12 காம்பரா லயனில், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக 12 அறை வீடுகள் உள்ள குடியிருப்பில், இருக்கிறோம். போன மாதம் மூன்றாம் காம்பராவில் தீப்பிடித்தது. ஏழாம் காம்பராவில் இருக்கும் எங்களைப் புகை மூச்சு முட்ட வைத்துவிட்டது. நடுச்சுவர்களை உயர்த்தித் தரக் கேட்டால், "அனுமதியில்லாமல் பின்னால் குசினி (சமையலறை) இறக்கியிருக்கிறீர்களே" என்கிறது நிர்வாகம். அதிகம் பேசினால் வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார்களோ?

பதில்: சகோதரி, எழுப்ப முடியாது. 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் சட்டப்படி அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். துரை (தோட்ட மேலாளர்) வாயால் சொன்னாலும் கடிதம் தந்தாலும் அது கட்டளை ஆகாது.

சரி, குசினி. அது தனி விஷயம். புகை உங்கள் குசினி வழியாக வரவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில், சாமிப் படத்துக்கு மேலே சுவர் முடியும் இடத்தில் கரி கோடு போட்டதுபோல் படிந்திருக்கிறது. கீழே சுவர் வெள்ளையாகவே இருக்கிறது. சூடான புகை மேலேறி, கூரைத் தகரத்தில் முட்டி, பக்கவாட்டில் ஓடியிருக்கிறது. மேலே திறந்திருந்தால் 12 காம்பராவும் ஒரே அறைதான். அந்தக் கரிதான் உங்கள் சாட்சி. தயவுசெய்து இப்போதைக்குச் சுண்ணாம்பு அடிக்காதீர்கள்.

12 குடும்பமும் கையெழுத்திட்டு நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். சுவரைக் கல்லால் தகரம்வரை உயர்த்தி, தகரத்தின் வளைவுகளையும் வயர் போகும் துளைகளையும் சாந்து வைத்து அடைக்கும்படி கேளுங்கள். பலகை அடித்துத் தந்தால் ஏற்க வேண்டாம், அதுவே எரியும். பிரதியொன்றைப் பிரதேச சபைக்கு அனுப்புங்கள். தோட்டங்களுக்குள் வேலை செய்ய, பிரதேச சபைகள் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தம் சபைக்கு வழிவிட்டிருக்கிறது.

அப்புறமும் அசையாவிட்டால் பொலிஸில் முறைப்பாடு செய்து, நீதவான் நீதிமன்றம் போகலாம். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு, தீப்பரவலுக்கு இடம்தரும் கட்டட வேலையையும் பொதுத் தொல்லைகளோடு சேர்த்துப் பேசுகிறது. பழைய லயனுக்கு அது பொருந்துமா என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஒரு வீட்டுக்காரராகப் போகாமல் 12 குடும்பமாகப் போகச் சொல்வது, இது பலருக்குமான தொல்லை என்று காட்டத்தான். பொருட்சேதத்துக்கு நட்டஈடு கேட்பதென்றால் தீப்பிடித்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

நடுச்சுவரோரம் அடுக்கியிருக்கும் விறகை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வழக்கென்று வந்தால் அவர்கள் முதலில் காட்டப்போவது அதைத்தான். அதைவிட, அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.