1440-க்கும் 1500-க்கும் இடையே

அன்புள்ள ஐயா,

கோவையில் சிறிய அளவில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்துகிறேன். காயில் மாற்றிய மோட்டார்களைக் கயிற்று பிரேக்கில் சுமையேற்றிச் சோதிப்பதற்காக, ஷாஃப்டில் ஒரு காந்தத்தையும் எதிரே, காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு மின்துடிப்பு (பல்ஸ்) தரும் ஹால் சென்சாரையும் பொருத்தி, ஒரு வினாடிக்குள் வரும் பல்ஸ்களை ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில் எண்ணி 60-ஆல் பெருக்கிக் காட்டுமாறு செய்திருக்கிறேன். நான்கு துருவ மோட்டார்களில் இது வேகத்தை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று, அதாவது ஆர்.பி.எம்.) 1440 அல்லது 1500 என்று மட்டுமே காட்டுகிறது. எப்போதாவது 1560 என்றும் வருகிறது. பத்து அளவீடுகளின் சராசரியை எடுக்கச் சொல்கிறார் ஒரு நண்பர்; சுற்றுக்கு ஆயிரம் பல்ஸ் தரும் என்கோடர் வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்யலாம்?

ஒரு வாசகர், கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சென்சார் சரியாகத்தான் வேலை செய்கிறது. 1440 என்பது வினாடிக்கு 24 சுற்று. 1500 என்பது 25 சுற்று. சுற்றுக்கு ஒரு பல்ஸ் என்னும்போது ஒரு வினாடிக்குள் 24 வரலாம், 25 வரலாம், இருபத்து நாலரை வர வழியில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டாரின் ஒத்தியங்கு வேகம், அதாவது உள்ளே காந்தப்புலம் சுழலும் வேகம், 1500. முழுச்சுமையில் நேம் பிளேட் காட்டும் வேகம் பெரும்பாலும் 1440-ஐ ஒட்டியிருக்கும். ஆக, சுமையில்லாத நிலையிலிருந்து முழுச்சுமை வரை நீங்கள் பார்க்க விரும்பும் மாற்றமே ஏறத்தாழ 60 ஆர்.பி.எம்.தான், உங்கள் கருவியின் ஒரு படியும் அதே 60. மரக்காலை வைத்துக்கொண்டு ஆழாக்கு அளக்கப் பார்க்கிறீர்கள்.

பத்து அளவீடுகளின் சராசரி என்பது பத்து வினாடி எண்ணுவதற்குச் சமம். படி 6 ஆர்.பி.எம். ஆகக் குறையும் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பத்து வினாடியும் கயிற்றின் இழுவிசை மாறாதிருக்க வேண்டும். கயிறு சூடேறச் சூடேற உராய்வு மாறும் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் சொல்வது வேறு வழி: பல்ஸை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு பல்ஸுக்கும் அடுத்த பல்ஸுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து பாருங்கள். 1440-இல் ஒரு சுற்றுக்கு 41,667 மைக்ரோவினாடி ஆகிறது. வேகம் ஒரு ஆர்.பி.எம். மாறினால் இந்த நேரம் சுமார் 29 மைக்ரோவினாடி மாறும். ஊனோவின் ‘மைக்ராஸ்’ கட்டளை 4 மைக்ரோவினாடிப் படிகளில் நேரம் தருவதால், இன்று உங்களிடம் இருக்கும் அதே காந்தமும் அதே சென்சாரும் 0.14 ஆர்.பி.எம். வேறுபாட்டைக் கூடப் பிரித்துக் காட்டும். இன்னும் நிதானமான எண் வேண்டுமானால், ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் வந்த முழுச்சுற்றுகளின் எண்ணிக்கையை, அவற்றின் முதல் பல்ஸிலிருந்து கடைசிப் பல்ஸ் வரையான சரியான நேரத்தால் வகுத்துக்கொள்ளலாம். எண்ணும் கால அளவு கடிகாரத்தின் வசதிப்படி தொடங்கி முடியாமல் பல்ஸின் விளிம்பில் தொடங்கிப் பல்ஸின் விளிம்பிலேயே முடிகிறது என்பதில்தான் முழு வேறுபாடும் இருக்கிறது.

நிரல் எழுதும்போது சிலவற்றைக் கவனியுங்கள். நேரத்தை இன்டரப்ட் (பல்ஸ் வந்ததும் மற்ற வேலையை இடைநிறுத்தி அதைக் கவனிக்கச் செய்யும் ஏற்பாடு) வரும் கணத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்; முதன்மைச் சுழற்சியில் ஆற அமரக் குறித்தால், திரையில் எழுதும் வேலை முடியும்வரை காத்திருந்த தாமதமும் அளவில் சேர்ந்துவிடும். பல்ஸ் ஏறும் கணம், இறங்கும் கணம் என்ற இரண்டு விளிம்புகளில் எப்போதும் ஒன்றை, இறங்குவிளிம்பு என்றால் இறங்குவிளிம்பை மட்டுமே, பயன்படுத்துங்கள்; பல்ஸின் அகலம் காந்தத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்து மாறும். ஊனோவில் இருப்பது எட்டு பிட் சிப் என்பதால் 32 பிட் எண்ணை நான்கு தவணையாகத்தான் படிக்கும். படிக்கிற அந்த நொடியில் இன்டரப்டை நிறுத்திவைக்காவிட்டால், பாதி பழையதும் பாதி புதியதுமான ஓர் எண் என்றைக்காவது கிடைத்து உங்களைக் குழப்பும். சராசரி எடுப்பதானால் நேரங்களைக் கூட்டி எடுங்கள், வேகங்களைக் கூட்டாதீர்கள்: ஒரு சுற்று 60 மில்லிவினாடியிலும் அடுத்தது 40 மில்லிவினாடியிலும் முடிந்தால் உண்மையான சராசரி 1200, 1000-ஐயும் 1500-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 1250 வரும். மோட்டார் நின்ற பிறகும் கடைசி எண்ணே திரையில் நிற்காதிருக்க, இரண்டு வினாடி பல்ஸ் வராவிட்டால் பூஜ்யம் காட்டச் சொல்லுங்கள்.

1560 வருவது வேறு கதை. நான்கு துருவ மோட்டார் நம் மின்சாரத்தில் அந்த வேகத்தில் ஓடாது. பெரும்பாலும் எங்கிருந்தோ ஒரு பொய்ப் பல்ஸ் நுழைந்திருக்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து நிறுத்தும் சுவிட்சான கான்டாக்டர் விழும்போது வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஹால் சென்சாரின் வெளியீடு திறந்த கலெக்டர் வகையாக (தானாக மேலே ஏறாமல், கீழே மட்டும் இழுக்கும் வகையாக) இருந்தால், அதை மேலே இழுத்து வைக்கும் புல்-அப் மின்தடை சென்சாரின் பக்கத்தில் இல்லாமல் பலகையின் பக்கத்தில் இருக்கட்டும். ஒயரை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். 35 மில்லிவினாடிக்குள் வரும் பல்ஸைப் புறக்கணிக்குமாறு நிரலிலும் எழுதலாம். ஆனால் எத்தனை புறக்கணித்தோம் என்பதையும் திரையின் ஓரத்தில் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஒயர் கெட்டிருப்பதை நிரல் மூடி மறைத்துவிடும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுவது வேறு, உண்மையைக் காட்டுவது வேறு. ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்துக்குக் குவார்ட்ஸ் படிகம் இல்லை, செராமிக் ரெசனேட்டர் இருக்கிறது. அதன் பிழை அரை சதவீதம் வரை போகலாம். 1440-இல் அரை சதவீதம் என்றால் 7 ஆர்.பி.எம். திரையில் இரண்டு தசம இலக்கம் அசையாமல் நிற்கும். எண்ணே ஏழு தள்ளி நிற்கும். அதோடு மின்சாரமும் எப்போதும் 50 ஹெர்ட்ஸில் நிற்பதில்லை. நம் மின்தொகுப்புக்கு விதிக்கப்பட்டிருக்கும் எல்லை 49.90 முதல் 50.05 வரை. 49.90-இல் ஒத்தியங்கு வேகம் 1497 ஆகிவிடுகிறது. காலையில் சோதித்த மோட்டாரையும் மாலையில் சோதித்த மோட்டாரையும் ஒப்பிட்டு, இதில் ஸ்லிப் (ஒத்தியங்கு வேகத்திலிருந்து மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டார் பின்தங்கும் அளவு) மூன்று ஆர்.பி.எம். கூடுதல் என்று சொன்னால் அது மோட்டாரைப் பற்றிய செய்தியாக இருக்காது.

இரண்டு தொல்லையையும் ஒரே ஏற்பாட்டில் தீர்க்கலாம். ஊனோவில் வெளி இன்டரப்டுக்கு 2, 3 என இரண்டு பின்கள் உண்டு. ஒன்றில் சென்சார் இருக்கட்டும். மற்றதில், 230 வோல்ட்டை 6 வோல்ட்டாகக் குறைக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியாக, சதுர அலையாக்கிய மின்னலையைக் கொடுங்கள். (230 வோல்ட்டை நேரடியாகப் பலகையின் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.) நான்கு துருவ மோட்டாருக்கு இரண்டு மின்னலைகளின் நேரமே ஒத்தியங்கு வேகத்தில் ஒரு சுற்றின் நேரம். அந்த நேரத்தை ரோட்டாரின் சுற்று நேரத்தால் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் ஸ்லிப் கிடைத்துவிடும்: 40-ஐ 41.67-ஆல் வகுத்தால் 0.96, ஸ்லிப் 4 சதவீதம். இரண்டு நேரங்களையும் ஒரே கடிகாரம் அளப்பதால் ரெசனேட்டரின் பிழை மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. மின்சாரத்தின் அதிர்வெண் மாறினாலும் ஒப்பீடு அதனோடு சேர்ந்தே நகர்கிறது. சோதனையின்போது மின்னழுத்தத்தையும் குறித்து வையுங்கள். அது குறைந்தால் அதே சுமைக்கு ஸ்லிப் கூடும். ரோட்டார் சூடேறினாலும் கூடும். ஆகவே ஆறிய மோட்டாரையும் ஒரு மணி நேரம் ஓடிய மோட்டாரையும் ஒப்பிட வேண்டாம்.

ஆயிரம் பல்ஸ் என்கோடர் 1440-இல் வினாடிக்கு 24,000 பல்ஸ் தரும். வெறுமனே எண்ணினாலே 0.06 ஆர்.பி.எம். படி கிடைக்கும். ஆனால் ரெசனேட்டரின் பிழை அங்கேயும் அப்படியே இருக்கும். என்கோடரை ஷாஃப்டோடு இணைக்கும் கப்ளிங் கோணினால் ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் ஏறி இறங்குவதாகவும் காட்டும். ஒரு சுற்றுக்குள் வேகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் தேவை உங்களுக்கு வரும்வரை அந்தச் செலவு வேண்டாம். நிரலை மட்டும் மாற்றிப் பாருங்கள்.