உண்ணி, தெள்ளு கடிச்சு வாற காய்ச்சலை திருகோணமலையில யாராச்சும் கண்காணிக்கிறாங்களா?

ஓம், கண்காணிக்கிறாங்க, ஆனா டொக்டர் சந்தேகப்பட்டாத்தான் அது தொடங்கும். இலங்கையில இப்பிடிக் கடிச்சு வாற டைபஸ் காய்ச்சல் கட்டாயம் அறிவிக்கவேண்டிய வருத்தம், சந்தேகம் வந்தாலே டொக்டர் எச் 544 படிவம் நிரப்பி எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசுக்கு அனுப்பணும், பிறகு பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீடு தேடி வந்து விசாரிப்பார், அந்தக் கணக்கு வாராவாரம் கொழும்பு தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும்.

எங்கட மாமி தம்பலகாமத்துல புல்லு வெட்டிட்டு வந்து பத்து நாளால காய்ச்சல், தலையிடி, டெங்குவெண்டுதான் நினைச்சம். பாவாடை நாடா கட்டுற இடத்துல சிகரெட்டால சுட்டமாதிரி கறுப்புப் பொருக்கு ஒண்டு, நோவே இல்ல, அதால அவ சொல்லவுமில்ல. அதுதான் ஸ்க்ரப் டைபஸ், பத்தைக்குள்ள இருக்கிற, கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடிச்சு வாறது, நாயில நீங்க பாக்கிற உண்ணி இல்ல. எலித்தெள்ளால வாற டைபஸ் வேற. டொக்சிசைக்ளின் எண்ட அன்டிபயோட்டிக் குடுத்தா ரெண்டு நாளுக்குள்ள காய்ச்சல் இறங்கும், அமொக்சிசிலின் வேலைசெய்யாது.

அதால காய்ச்சலெண்டு போனா காடு, வயல் போனதைக் கட்டாயம் சொல்லுங்கோ, அக்குள், இடுப்பு, கவட்டுப் பக்கம் பாக்கச் சொல்லுங்கோ, வெக்கப்படாதீங்கோ.