மூச்சா, குமட்டலா: வார்டில் யாரை முதலில் பார்ப்பது?

கேள்வி (மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவி): மேடம், நைட் டியூட்டியில் ஒருவருக்கு வீசிங், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 89. பக்கத்து பெட்டில் கீமோ முடிந்தவர் ஓயாமல் வாந்தி எடுக்கிறார். யாரிடம் முதலில் போவது?

பதில்: வீசிங் நோயாளியிடம். ஆனால் போகிற போக்கில் வாந்தி எடுப்பவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். தெளிவாகப் பதில் சொன்னால் நினைவும் மூச்சுப்பாதையும் சரியாக இருக்கின்றன. வாந்தி எடுக்க ஒரு பேசின் கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு நகரலாம். அரைமயக்கத்தில் இருந்தால் வரிசை மாறிவிடும். வாந்தி நுரையீரலுக்குள் போக ஒரே ஒரு இழுப்பு போதும். அவரைத்தான் முதலில் திருப்பிப் போட்டு, வாயில் இருப்பதை உறிஞ்சும் சக்‌ஷன் செய்ய வேண்டும், கூடவே குரல் கொடுத்து ஆள் சேர்க்க வேண்டும்.

வீசிங் நோயாளியை உட்கார வைத்து, முன்னால் தலையணை கொடுத்துச் சாயவிடுங்கள். மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு ஏமாற்றும். 25-ஐத் தொட்டாலோ, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாவிட்டாலோ டாக்டரை உடனே கூப்பிடுங்கள். வீசிங் சத்தம் அடங்கி ஆளும் சோர்ந்தால் நிம்மதி அடையாதீர்கள். காற்றே போகாத நெஞ்சில் சத்தமும் வராது.

கேள்வி: 89 என்றால் ஆக்சிஜனை முழுசாகத் திறந்துவிடலாமா?

பதில்: ஆஸ்துமா, நிமோனியா என்றால் 94 முதல் 98 வரை கொண்டுவாருங்கள். சிஓபிடியில் (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) கரியமில வாயு தேங்கக்கூடியவருக்கு இலக்கே 88 முதல் 92 தான். 89 அவருக்குப் போதும். அவரை 99-க்கு ஏற்றினால் கரியமில வாயு ஏறித் தூங்கிவிழுவார். ஆக்சிஜன் சதவீதத்தை அளந்து கொடுக்கும் வென்சுரி மாஸ்கில் 24 சதவீதத்துக்கு 2 லிட்டர், 28-க்கு 4 லிட்டர். வால்வின் நிறத்தை நம்பாமல் அதில் பொறித்த எண்ணைப் படியுங்கள். சாதாரண மாஸ்கை 5 லிட்டருக்குக் கீழே ஓட்டக்கூடாது, விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். பை வைத்த மாஸ்க் என்றால் பை நிறைந்த பிறகே முகத்தில் வையுங்கள்.

கேள்வி (ஐசியூ சிஸ்டர்): பைபாப் (மாஸ்க் வழியே அழுத்தத்தோடு காற்று தரும் இயந்திரம்) ஓடும்போது வாந்தி வந்தால்?

பதில்: முதலில் மாஸ்கைக் கழற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அந்த அழுத்தம் வாந்தியை உள்ளே தள்ளும். ஒருக்களித்து, வாயில் சக்‌ஷன், ஒரு தடவைக்கு 10-15 விநாடிக்கு மேல் வேண்டாம். அந்த நேரத்தில் மூக்கில் வைக்கும் நேசல் கேனுலாவில் ஆக்சிஜன் ஓடட்டும். தானே மாஸ்கைக் கழற்ற முடியாதவருக்குக் கையையும் கட்டிப்போடுவது சில இடங்களில் நடக்கிறது. அது ஆபத்தை நாமே முடிச்சுப் போட்டுக் கொடுப்பது. வயிறு உப்பிக்கொண்டே வந்தால் காற்றை விழுங்குகிறார். அழுத்தத்தைக் குறைக்கலாமா, மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: மூச்சுத் திணறுபவருக்கு வாந்தி ஊசி போடும்போது எதைக் கவனிப்பது?

பதில்: வேகத்தை. ஆன்டன்செட்ரான் 4 மில்லிகிராமை 2 முதல் 5 நிமிடத்தில் ஏற்றுங்கள். நெபுலைசேஷனில் (மருந்தைப் புகையாக இழுப்பது) போகும் சால்புட்டமால் பொட்டாசியத்தைக் குறைக்கும், வாந்தி எடுப்பதும் பொட்டாசியத்தைக் குறைக்கும். அதன்மேல் ஆன்டன்செட்ரான் ஈசிஜியில் க்யூடி இடைவெளியை நீட்டும், இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். பொட்டாசியம் ரிப்போர்ட்டை முதலில் பாருங்கள். மெட்டோகுளோபிரமைடு 10 மில்லிகிராமை 3 நிமிடத்துக்குக் குறையாமல் போடுங்கள். அவசரமாகத் தள்ளினால் நோயாளி இருப்புக்கொள்ளாமல் தவிப்பார், அதை மூச்சுத் திணறல் என்று நினைத்து ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டிருப்போம். புரோமெதசின் தூங்க வைக்கும். மூச்சு தளர்ந்தவருக்கு அது வேண்டாத வம்பு.

கேள்வி: மூச்சுக்குழாயை விரிக்கும் டெரிஃபிலின் போட்ட பிறகுதான் குமட்டல் தொடங்கியது. சாதாரணம்தானே?

பதில்: அப்படி ஒதுக்காதீர்கள். அதில் தியோஃபிலின் இருக்கிறது. அளவு மீறினால் குமட்டலும் படபடப்பும் முதலில் வரும், அடுத்து இதயத்துடிப்பு தாறுமாறாகும், வலிப்பும் வரலாம். வீட்டில் அதே மாத்திரை சாப்பிட்டாரா, சிப்ரோஃப்ளாக்சசினோ எரித்ரோமைசினோ ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் தியோஃபிலின் அளவை ஏற்றும். அடுத்த டோஸைப் போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (கேஷுவாலிட்டி சிஸ்டர்): மூச்சுத் திணறலும் வாந்தியும் சேர்ந்தே வந்தால் எதைச் சந்தேகிப்பது?

பதில்: நீரிழிவு உள்ளவர், வயதானவர் என்றால் நெஞ்சுவலி இல்லாவிட்டாலும் மாரடைப்பாக இருக்கலாம், ஈசிஜி எடுங்கள். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருக்கிறது, சாச்சுரேஷன் 99 காட்டுகிறது என்றால் நீரிழிவால் ரத்தம் அமிலமாகியிருக்கலாம், சர்க்கரையையும் சிறுநீரில் கீட்டோனையும் பாருங்கள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சிலும் வியர்வையும் வழிந்தால் பூச்சிமருந்து: கையுறை போட்டு, உடையைக் களைந்து, உடம்பைக் கழுவுங்கள், சக்‌ஷனும் மாற்றுமருந்தான அட்ரோபினும் தயாராக இருக்கட்டும். ராத்திரி தரையில் படுத்தவர் வயிற்றுவலி, வாந்தி என்று வந்து, இமை சரிந்தால் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். பல்தடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்லுங்கள். அரைமணிக்கு முன் 20 வரை எண்ணியவர் இப்போது 10-இல் நின்றால் மூச்சுத் தசை தளர்கிறது; கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கைத் தலைமாட்டில் வைத்துவிட்டு ஃபோனை எடுங்கள்.