கொடிக்குக் கட்சி உண்டா?

கேள்வி: ஒஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். போன வருடம்தான் எனக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. ஜூலை 4-ஆம் தேதி வாசலில் கொடி கட்டலாம் என்றேன். "கட்டினால் நம்மை ஒரு கட்சிக்காரர்கள் என்று தெருவில் நினைப்பார்கள், வேண்டாம்" என்கிறார் கணவர். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளோ, பள்ளியில் கொடி உறுதிமொழிக்கு எழுந்து நிற்க மாட்டேன் என்கிறாள். பத்து வருடம் எங்களோடு சேர்ந்து பொங்கல் வைத்த தோழி, தேர்தலுக்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். இப்படி இரண்டுபட்டுக் கிடக்கும் நாட்டில் தேசப்பற்று என்று நான் எதைத்தான் செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

குடியுரிமை பெற்ற அன்று வலது கையை உயர்த்தி நீங்கள் சொன்ன வாசகத்தை நினைத்துப் பாருங்கள். அதில் எந்த அதிபரின் பெயரும் இல்லை, எந்தக் கட்சியின் பெயரும் இல்லை. அரசியல் சாசனத்தையும் நாட்டின் சட்டங்களையும் ஆதரித்துக் காப்பேன் என்றுதான் இருந்தது. அங்கேயே பிறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த வாசகத்தை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. நீங்கள் சொன்னீர்கள். கொடி கட்ட நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

உங்கள் கணவரின் பயமும் வெறும் கற்பனை அல்ல. வேட்பாளர் பெயரை அச்சடித்த கொடிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அமெரிக்கக் கொடி விதிகள், கொடியின் மேல் எந்த எழுத்தும் படமும் சின்னமும் இருக்கக் கூடாது என்கின்றன. மீறினால் தண்டனை கிடையாது. மரியாதையை நம்பி எழுதிய விதி அது. சிவப்பு ஒரு கட்சிக்கு, நீலம் இன்னொன்றுக்கு என்ற வழக்கமே 2000-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகுதான் நிலைத்தது. கொடியில் இரண்டு நிறமும் 1777 முதல் சேர்ந்தே இருக்கின்றன.

தெருவின் சந்தேகத்தைத் தீர்ப்பது எந்தெந்த நாளில் கட்டுகிறீர்கள் என்பதுதான். எல்லா நாளும் கட்டலாம். ஆனாலும் சில நாட்களில் அவசியம் கட்டுங்கள் என்று விதியே பட்டியல் தருகிறது: மே மாதக் கடைசித் திங்களன்று வரும் நினைவு நாள், ஜூன் 14 கொடி நாள், ஜூலை 4, செப்டம்பர் 17 அரசியல் சாசன நாள், நவம்பர் 11 படைவீரர் நாள். அதிபர் பதவியேற்கும் ஜனவரி 20-ம் அதில் உண்டு. உங்களுக்குப் பிடித்தவர் பதவியேற்றாலும் பிடிக்காதவர் பதவியேற்றாலும் அன்று கட்டுங்கள். இரண்டு அதிபர்களுக்கு அப்படிச் செய்தால் உங்கள் வாசல் கொடி எந்தக் கட்சியுடையது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கட்சிப் பலகை வைக்கும் ஆசை வந்தால் புல்வெளியின் மறுகோடியில் வையுங்கள். கொடியும் பலகையும் ஒரே பார்வையில் பட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

வீட்டு வாசலுக்கு 3-க்கு 5 அடிக் கொடி, 6 அடிக் கம்பம் போதும். 45 டிகிரி சாய்வாக நிற்கும் பிராக்கெட் கடையில் கிடைக்கும். அதை வினைல் சைடிங்கில் (வெளிச்சுவரை மூடும் பிளாஸ்டிக் பலகையில்) மட்டும் திருகிவிடாதீர்கள். முதல் பெருங்காற்றிலேயே பிய்ந்துவிடும். ஸ்க்ரூ பின்னாலுள்ள மரச்சட்டத்தில் இறங்க வேண்டும். நட்சத்திரப் பகுதி கம்பத்தின் நுனிப் பக்கம் இருக்கட்டும். சூரிய உதயத்தில் ஏற்றி அஸ்தமனத்தில் இறக்குங்கள். இரவிலும் இருக்க வேண்டுமானால் அதன் மேல் வெளிச்சம் விழ வேண்டும். எல்லா வானிலைக்கும் தாங்கும் நைலான் கொடி இல்லையென்றால் மழையில் விடாதீர்கள். காற்றில் அடித்துக்கொள்ளும் ஓரம்தான் முதலில் நைந்து போகும். நூல் பிரியத் தொடங்கியதுமே மடித்துத் தைத்தால் அதன் ஆயுள் கூடும். கிழிந்த கொடியைக் குப்பையில் போடாமல், அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் கிளையில் கொடுங்கள். மரியாதையாக எரித்துவிடுவார்கள். எச்.ஓ.ஏ. (குடியிருப்பு வீட்டு உரிமையாளர் சங்கம்) என்ன சொல்லுமோ என்று யோசிக்காதீர்கள். 2005-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, உங்கள் சொந்த வீட்டில் கொடி கட்டுவதை அவர்கள் தடுக்க முடியாது. எந்த இடம், என்ன அளவு என்பதில் நியாயமான கட்டுப்பாடு மட்டும் வைக்கலாம்.

மகள் விஷயத்தில் அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள். பள்ளி உறுதிமொழியைச் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1943-லேயே தீர்ப்பளித்தது. யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறு மதப்பிரிவுப் பிள்ளைகளுக்காக மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த வழக்கு அது. உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். தீர்ப்பு வந்த நாளோ ஜூன் 14, கொடி நாள். தன்னை வணங்க மறுக்கும் உரிமையையும் அந்தக் கொடி காக்கிறது என்பதை மகளுக்குச் சொல்லுங்கள். பிறகு, ஏன் நிற்க மாட்டாள் என்று கேட்டு, குறுக்கே பேசாமல் கேளுங்கள். உறுதிமொழி "எல்லோருக்கும் சுதந்திரமும் நீதியும்" என்று முடிகிறது. அது இன்னும் நடக்கவில்லை என்று அவள் சொன்னால், 1852 ஜூலை 5-ஆம் தேதி ராச்செஸ்டர் நகரில் பிரெடரிக் டக்ளஸ் பேசிய உரையை இருவரும் சேர்ந்து படியுங்கள். அடிமையாகப் பிறந்தவர் அவர். இந்தச் சுதந்திர நாள் எங்களுடையதல்ல என்று முகத்துக்கு நேரே சொன்னவர், அதே மேடையில் சுதந்திரப் பிரகடனத்தின் கொள்கைகளைக் கைவிடாமல் பற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். நாட்டின் மேல் வைக்கும் கோபமும் பற்றாக இருக்க முடியும் என்பதை அதைவிடத் தெளிவாக நம்மால் விளக்க முடியாது. அவள் உட்கார்ந்திருக்க முடிவு செய்தால், நின்று சொல்லும் மற்ற பிள்ளைகளைக் கேலி செய்யாமல் அமைதியாக இருக்கட்டும். அந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

உங்கள் கடிதத்தில் எங்களை அதிகம் வருத்தியது தோழி விஷயம்தான். ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெபர்சனும் சேர்ந்து ஒரு நாட்டையே உருவாக்கிய நண்பர்கள். 1800 அதிபர் தேர்தலில் ஜெபர்சனிடம் தோற்ற ஆடம்ஸ், அவர் பதவியேற்ற அன்று விடியும் முன்பே தலைநகரை விட்டுக் கிளம்பிவிட்டார். 1812 புத்தாண்டு நாளில்தான், பொது நண்பரான மருத்துவர் பெஞ்சமின் ரஷ் எடுத்த முயற்சியால், ஆடம்ஸ் ஒரு சின்னக் கடிதம் எழுதினார். அதில் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குடும்ப நலச் செய்தியும், புத்தாண்டு வாழ்த்தும், ஒரு சிறு பரிசு அனுப்புகிறேன் என்ற செய்தியும்தான். கருத்து வேறுபாடுகளை எழுதியது பிறகு, நட்பு மறுபடி துளிர்த்த பின். நீங்களும் அப்படியே தொடங்குங்கள். வாட்ஸ்அப்பில் நீளமாக விளக்கம் எழுத வேண்டாம். ஒரு டப்பா முறுக்கோடு நேரில் போங்கள். முதல் முறை அரசியலே வேண்டாம்.

அரசியல் பேசியே தீர வேண்டும் என்ற நாள் வந்தால், உங்கள் மாநிலத்திலேயே பிறந்த ஒரு முறை இருக்கிறது. 2016 தேர்தல் முடிந்த அடுத்த மாதம், சவுத் லெபனன் என்ற சிற்றூரில் இரு தரப்பு வாக்காளர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தார்கள். பிரேவர் ஏஞ்சல்ஸ் என்ற அமைப்பு அதிலிருந்துதான் வளர்ந்தது. கூட்டத்தை வடிவமைத்த பில் டோஹர்ட்டி, குடும்ப ஆலோசனை தருபவர். பிரியும் நிலையிலுள்ள தம்பதிகளோடு வேலை செய்து பழகியவர். அங்கே ஒவ்வொருவரும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். என் தரப்பின் கொள்கை நாட்டுக்கு ஏன் நல்லது? என் தரப்பிலேயே எனக்கு உறுத்துவது எது? ஒரு தரப்பு பேசும்போது மறு தரப்பு சுற்றி உட்கார்ந்து கேட்க மட்டும் வேண்டும். நீங்களும் தோழியும் ஆளுக்குப் பத்து நிமிடம், போனைத் தள்ளி வைத்துவிட்டு இதைச் செய்யலாம். இரண்டாவது கேள்விக்கு நீங்கள் முதலில் பதில் சொல்லுங்கள். புள்ளிவிவரம் காட்டித் திருத்த முயன்றாலும், கணவர்மாரைச் சாட்சிக்குக் கூப்பிட்டாலும், மனத்தை மாற்றிவிடலாம் என்று நினைத்துப் போனாலும் பேச்சு கெட்டுவிடும். அவர் வாக்கு மாறாது. உங்கள் வாக்கும் மாற வேண்டாம்.

இனி, நீங்கள் கேட்ட "எதைச் செய்வது". உங்கள் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) தேர்தல் வாரியத்தில் வாக்குச்சாவடிப் பணிக்கு விண்ணப்பியுங்கள். ஒஹையோவின் 88 கவுண்டிகளிலும் வாரியத்தில் நான்கு பேர், கட்சிக்கு இருவர். சாவடி அலுவலர்களிலும் பாதிக்கு மேல் ஒரே கட்சியினர் இருக்கக் கூடாது. வாக்குப்பதிவு நடக்கும் காலை 6:30 முதல் மாலை 7:30 வரை, எதிர்க் கட்சிக்கு வாக்களிக்கும் ஒருவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, அடையாள அட்டை பார்ப்பீர்கள், முதியவருக்கு நாற்காலி போடுவீர்கள், கடைசியில் சேர்ந்து கணக்குச் சரிபார்ப்பீர்கள். சாவடிக்கு வரும் பாதையில் 100 அடி தூரத்தில் சின்ன அமெரிக்கக் கொடிகளை நட வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். அந்தக் கொடியைத் தாண்டி உள்ளே எந்தக் கட்சியும் பிரச்சாரம் செய்யக் கூடாது. கொடிக்குக் கட்சி உண்டா என்று கணவர் மறுபடி கேட்டால், அந்த இடத்தைக் காட்டுங்கள்.

பணிக்கு முன் பயிற்சி உண்டு, சம்பளமும் உண்டு. கவுண்டியில் வாக்காளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். இன்னும் பதியவில்லையென்றால் முதலில் அதை முடியுங்கள். நவம்பர் தேர்தலுக்கு வேண்டுமானால் கோடையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். முடிந்தால் தோழியையும் கூடவே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இரண்டு கட்சி ஆட்களும் அவர்களுக்கு எப்போதும் தேவைப்படுகிறார்கள்.