இரண்டாம் பாகத்தில் நின்றுபோன தொடர் நாவல்: உங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம். ஓர் இளையோர் காதல் தொடரின் முதல் பாகத்தை ஒரே இரவில் முடித்ததாகவும், இரண்டாம் பாகத்தில் காதலர்கள் பிரிந்ததும் ஆர்வம் வற்றிவிட்டதாகவும் எழுதி, நேராக மூன்றாம் பாகத்துக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாண்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

பெரியவர்களுக்கான காதல் தொடர்களில் பெரும்பாலும் ஒவ்வொரு நூலும் வேறோர் இணையின் கதையாக இருக்கும். 2000 முதல் 2006 வரை வெளிவந்த, ஜூலியா குவின் எழுதிய பிரிட்ஜர்டன் வரிசையின் 8 நாவல்களும் 8 உடன்பிறப்புகளுக்கு ஆளுக்கொன்றாக அமைந்திருப்பதால், ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததைப் படித்தாலும் பெரிய இழப்பில்லை. இளையோர் தொடர்களிலோ ஒரே இணையின் உறவு பல நூல்களுக்கு நீள்வதால், நடுப்பாகத்துக்கு ஒரு தடை தேவைப்படுகிறது. அந்தத் தடை பாத்திரத்தின் இயல்பிலிருந்து பிறந்ததா, இருவரும் பத்து நிமிடம் மனம்விட்டுப் பேசினால் தீர்ந்துவிடக்கூடியதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ‘ட்வைலைட்’ என்ற இளையோர் தொடரின் இரண்டாம் பாகமாக 2006-இல் வந்த ‘நியூ மூன்’ நாவலில், காதலன் விலகிச் சென்றபின், அக்டோபர் முதல் ஜனவரி வரை மாதப் பெயர்களை மட்டுமே தாங்கிய பக்கங்கள் வருகின்றன. நாயகியின் வெறுமையை அவ்வளவு சிக்கனமாகச் சொன்னதாலேயே அந்தப் பிரிவை என்னால் முழுமனத்தோடு ஏற்க முடிந்தது.

நீங்கள் படிக்கும் நாவலில் நாயகி தன் தங்கையைக் காக்கவே விலகுகிறாள் என்கிறீர்கள். அது பாத்திரத்தின் இயல்பிலிருந்து பிறந்த தடைதான். அவள் தனியே எடுக்கும் முடிவுகளைப் படிக்காமல் மூன்றாம் பாகத்தைத் திறந்தால், அங்கே நிகழும் மறுசந்திப்பு உங்களுக்கு வெறும் செய்தியாகிவிடும். இடையில் புகுந்த நண்பனின் அத்தியாயங்களை வேண்டுமானால் விரைந்து கடந்துவிடுங்கள் (முக்கோணக் காதல் எனக்கும் அலுத்துவிட்டது). அவள் தனித்து நிற்கும் பக்கங்களை மட்டும் அவசரமின்றிப் படியுங்கள்.