முடியைச் சோதித்தால் தெரியுமா?

கேள்வி: ஆறு வயதுச் சிறுவனை வளர்ப்புப் பராமரிப்பில் ஏற்று நான்கு மாதங்கள் ஆகின்றன. சொன்னதை உடனே மறந்துவிடுகிறான். கர்ப்ப காலத்தில் அவனுடைய தாய் மது அருந்தியிருக்கலாம் என்று கோப்பில் இருக்கிறது. முடியை அனுப்பினால் உறுதி செய்துவிடலாம் என்று ஓர் ஆய்வகம் பணம் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஃபீட்டல் ஆல்கஹால் சின்ட்ரோம் என்னும் கருக்கால மது பாதிப்பை ஆறு வயதில் காட்டித்தரும் முடிப் பரிசோதனையும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. பச்சிளம் குழந்தையின் முதல் மலத்தில் மதுவின் தடயத்தைத் தேடலாம். அந்த நாள் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. அடுத்து ‘நச்சு நீக்கும்’ சொட்டு மருந்தோடு ஒருவர் வருவார். அவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நீக்குவதற்கு உடலில் மது இல்லை.

உயரம், எடை, தலைச் சுற்றளவு, மூளையின் செயல்பாடு, முகம் ஆகியவற்றைத்தான் மருத்துவர் பார்ப்பார். முகத்தில் தேடுவது மூன்று: குறுகிய கண் திறப்பு, மூக்குக்குக் கீழே மழுங்கிய பள்ளம், மெல்லிய மேலுதடு. இவற்றைப் புகைப்படத்திலும் அளக்கிறார்கள். அளவுக்காக நெற்றியில் சிறு வட்டம் ஒட்டுவார்கள். குழந்தை சிரிக்கக் கூடாது. சிரித்தால் யாருக்கும் உதடு மெலியும், பள்ளம் மறையும். செல்பேசியில் சிரிக்கும் படத்தைப் பார்த்துவிட்டு ‘அதேதான்’ என்பவர் நிபுணர் அல்லர்.

‘தாய் குடித்ததற்குச் சான்று இல்லை’ என்று உங்களைத் திருப்பி அனுப்பக்கூடும். அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். முகத்தின் மூன்று அடையாளங்களும் முழுமையாக இருந்து, வளர்ச்சிக் குறைவும் மூளைப் பாதிப்பும் சேர்ந்திருந்தால், சான்று இல்லாமலேயே நோயை உறுதி செய்ய முடியும். மூன்றில் இரண்டு போதும் என்று சில மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன, மூன்றும் வேண்டும் என்று வேறு சில சொல்கின்றன. ஆனால் கருவில் மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முகம் இயல்பாகவே இருக்கும். உங்கள் பையனும் அப்படியென்றால், கோப்பில் உள்ள அந்த ‘அருந்தியிருக்கலாம்’ எதற்கும் உதவாது. யார் பார்த்தார், எந்த மாதத்தில், எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பிறந்தபோது எடுத்த எடையையும் தலைச் சுற்றளவையும் கேளுங்கள். குழந்தை வீடு மாறும் ஒவ்வொரு முறையும் கோப்பிலிருந்து நான்கு தாள் உதிர்ந்துவிடுகிறது, யாரும் தேடுவதில்லை.

பரிசோதனைக்குக் கையெழுத்திடும் அதிகாரம் உங்களுக்கு உண்டா என்பதையும் முன்பே விசாரியுங்கள். மாதக்கணக்கில் காத்திருந்து, ஒரு கையெழுத்துக்காகத் திரும்பிய வளர்ப்புத் தாய்மார்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

அதுவரை அவனிடம் ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். செருப்பை மாட்டி முடித்த பிறகு பையை எடுக்கச் சொல்லலாம்.