ஒழுகும் கூரை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் பதினொரு வருடமாகக் கட்டுமான வேலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். வரும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் எங்கள் சபையிலிருந்து பதினெட்டுப் பேர் பத்து நாள் ஊழியப் பயணமாகக் கம்போடியா போகிறோம். அங்கே ஒரு மிஷன் குழந்தைகள் இல்லம். இப்போது நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னும் முப்பது பேர் தங்குவதற்கு இரண்டாவது விடுதிக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள். சுவர் வேலையும் பெயிண்டும் எங்கள் பங்கு. டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வேலை தெரிந்தவன் என்று என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

என் மனைவி கேட்கிறாள்: "பதினெட்டுப் பேர் காசையும் சேர்த்து அனுப்பினா அந்த ஊர் கொத்தனாரே கட்டிடுவாரே, நீங்க போய்தான் செங்கல் எடுத்துக் கொடுக்கணுமா?" திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்கச் சொல்லி யாக்கோபு நிருபத்தில் இருக்கிறதே என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும்தான். நீங்கள் கம்போடியாவில் இப்படி ஓர் இல்லத்தில் பழுது வேலை செய்ததாக முன்பு ஒரு கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நான் போகலாமா? போனால் என்ன செய்ய வேண்டும்?

அன்புடன்,
ஆர்., சிங்கப்பூர்

*

அன்புள்ள தம்பி ஆர்.,

போங்கள். ஆனால் அந்த இரண்டாவது கட்டடத்தைக் கட்டாதீர்கள். இருக்கிற கட்டடத்தைப் பழுதுபார்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் போனது 2013 டிசம்பரில். புனோம் பென்னிலிருந்து ஒரு மணி நேரம், காண்டால் மாகாணம். இல்லத்தின் பெயர் வேண்டாம். நடத்தியவர்கள் நல்லவர்கள், பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். எங்களுக்கு ஒதுக்கியிருந்த வேலை விடுதிச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது. முதல் நாள் காலை பட்டைக் கத்தியை வைத்துச் சுவரைச் சுரண்டினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செதில் அப்படியே பெயர்ந்து கையில் வந்தது. ஓரத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து நிறம்: மஞ்சள், இளம்பச்சை, நீலம், திரும்பவும் மஞ்சள், ரோஸ். சமையல் செய்யும் அம்மாவிடம் காட்டினேன். அவர் ஒவ்வொரு நிறத்தையும் தொட்டு, அந்த வருடம் வந்த குழு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று சொன்னார். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு குழு, ஒரு நிறம். நாங்கள் கொண்டுபோனது வெள்ளை.

செதில் பெயர்ந்த இடத்தில் பூச்சு ஈரமாக இருந்தது, உப்புப் பூத்திருந்தது. மழை நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் அந்த ஈரம். நிமிர்ந்து பார்த்தால், தகரக் கூரையின் விளிம்பில் தண்ணீர் வாங்கும் வாய்க்கால் நடுவில் அறுந்து தொங்குகிறது. அந்த ஊரில் மே மாதம் தொடங்கினால் அக்டோபர் வரை மழை. கூரையில் பாதித் தண்ணீர் அந்த ஓர் இடத்தில் சுவர்மேல்தான் இறங்கியிருக்கிறது, வருடா வருடம். பெயிண்ட் அடித்தவர்கள் எல்லோரும் அதற்கு நேர் கீழேதான் ஏணி போட்டு நின்றிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வந்தது மழை இல்லாத மாதத்தில்.

அதே சுவரை ஒட்டி உள்பக்கம் இரும்புக் கட்டில்கள், இரண்டடுக்கு. அதில் கடைசிக் கட்டிலைச் சின்னப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். ஏன் என்று மொழிபெயர்த்த பையனிடம் கேட்டேன். "மழைக்காலத்தில் அந்தக் கட்டில் கடிக்கும்" என்றான். எனக்குப் புரியச் சில நொடிகள் ஆனது. டெஸ்டரை எடுத்துக் கட்டில் காலில் வைத்தேன். மங்கலாக எரிந்தது. சுவருக்குள் புதைத்திருந்த வயரில் ஒரு ஜாயிண்ட், வெறும் டேப் சுற்றியது. ஈரப் பூச்சு வழியாகக் கரண்ட் கசிந்து இரும்புக்கு வருகிறது. எர்த் கிடையாது. கசிவு சிறியது என்பதால் ஃபியூஸ் போகாது, ஆனால் ஈரக் காலோடு நிற்கிற பிள்ளையைக் கொல்ல அது போதும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பெயிண்ட் டப்பாக்களை ஓரமாக வைக்கச் சொன்னேன். குழுவில் சிலருக்கு வருத்தம்தான். பிள்ளைகளோடு சேர்ந்து பெயிண்ட் அடிப்பதைப் படம் எடுத்துச் சபையில் காட்ட வேண்டும் என்று வந்திருந்தார்கள். அந்த ஊர்க் கொத்தனார் ஒருவரைக் கூலிக்குக் கூப்பிட்டோம். அவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எனக்குக் கெமர் தெரியாது. தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாயின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். குழாயில் தண்ணீர் நின்ற இடத்தைப் பார்த்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். புது வாய்க்காலுக்கு வாட்டம் எவ்வளவு என்று அதற்குமேல் பேச வேண்டியிருக்கவில்லை. அந்த வேலைக்கு இரண்டு நாள். பழைய வயரைக் கழற்றிவிட்டுச் சுவருக்கு வெளியே பைப் போட்டு இழுத்தது, எர்த் கம்பி அடித்தது, கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. போட்டது எல்லாம் மூன்று நாள்.

அந்த வாய்க்காலால் இன்னொரு காரியமும் நடந்தது. காண்டாலில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் உண்டு. பார்த்தால் தெரியாது, குடித்தாலும் ருசியில் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். வருடக்கணக்கில் குடித்தால் தோல் தடிக்கும், புற்றுநோய் வரைக்கும் போகும். ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால்தான் அங்கே வீட்டுக்கு வீடு ஆளுயரச் சிமெண்ட் ஜாடிகளில் மழைத் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள். இல்லத்திலும் நான்கு ஜாடிகள் இருந்தன, காலியாக, பல்லி முட்டையோடு. வாய்க்கால் அறுந்த நாளிலிருந்து பிள்ளைகள் போர்வெல் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலை ஜாடியில் கொண்டுபோய் விட்டோம்.

இவ்வளவுக்கும் மூலம் பன்னிரண்டு அடித் தகரம், தம்பி.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். சிமெண்ட் வேலைக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் அடிக்க வேண்டும், முழுப் பலம் பிடிக்க 28 நாள். உங்கள் பயணமே பத்து நாள். எட்டாம் நாள் போட்ட காங்கிரீட்டுக்கு யார் தண்ணீர் அடிப்பார்கள்? பள்ளி ஆசிரியரும் பேங்க் ஊழியரும் அன்போடு எழுப்பிய சுவரைத் தூக்குக் குண்டு போட்டுப் பார்த்துவிட்டு, அவர்கள் தூங்கிய பிறகு இடித்துத் திரும்பக் கட்டிய கொத்தனார்களை நான் சந்தித்திருக்கிறேன்.

கட்டடம் என்பதைவிட எனக்குப் பயம் தீ. கும்பகோணத்தை நாம் மறக்க முடியாது: 2004 ஜூலை 16, 94 பிள்ளைகள். 2020 பிப்ரவரியில் ஹெய்ட்டியில் போர்ட்-ஓ-பிரின்ஸ் பக்கம், ஓர் அமெரிக்கத் திருச்சபை அமைப்பு நடத்திய குழந்தைகள் இல்லத்தில் தீப்பிடித்து 15 பிள்ளைகள் இறந்தார்கள். ஜெனரேட்டர் ஓடாததால் வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. ஒரு ஜெனரேட்டர் பழுது. ஆகவே போன உடனே முதல் வேலையாக ஜன்னல் கம்பிகளைப் பாருங்கள், இரவில் கதவை எந்தப் பக்கம் பூட்டுகிறார்கள் என்று பாருங்கள், மாடியிலிருந்து இறங்க இரண்டாவது வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் உங்கள் பத்து நாளும் அந்தப் படிக்கட்டுக்குத்தான்.

இனி புதுக் கட்டடம் ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். அந்தக் கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒன்பது வயதுப் பெண் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓர் அம்மா வந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தார். அத்தையா என்று கேட்டேன். அம்மா என்றார்கள். வீடு பன்னிரண்டு கிலோமீட்டரில். தகப்பன் தாய்லாந்தில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். கூரை போய்விட்டது, பள்ளிக்கூடம் தூரம், இங்கே சேர்த்தால் சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை. தகப்பன் வெளிநாட்டில் கட்டட வேலை. நானும் சிங்கப்பூரில் சித்தாளாகத்தானே இருந்தேன். எங்கள் வீட்டுக் கூரையும் ஒழுகியது. என் பிள்ளைகள் ஆச்சியிடமும் அம்மாவிடமும் வளர்ந்தார்கள். யாரும் அவர்களை அநாதை என்று சொல்லவில்லை, யாரும் வந்து அவர்களோடு படம் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் ஒருத்தி கதை இல்லை இது. கம்போடிய அரசு 2015-ல் எடுத்த கணக்கில் 406 இல்லங்களில் 16,579 பிள்ளைகள் இருந்தார்கள். இப்படி இல்லங்களில் இருப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் நடந்த பேரழிவுக்குப் பிறகு அந்த நாட்டில் இல்லங்கள் தேவைப்பட்டன, பெற்றவர்கள் இருவரையும் இழந்த பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். உங்கள் ஊர்ப் பக்கத்து நாசரேத்தில் தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு மிஷனரி மர்காஷிஸ் ஐயர் காலத்தில் பிள்ளைகளைச் சேர்த்துத் தொழில் கற்றுக்கொடுத்ததும் அப்படிப்பட்ட காலத்தில்தான். அந்தச் சேவையை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் 2005-க்கும் 2010-க்கும் நடுவில் கம்போடியாவில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியபோது போர் எதுவும் நடக்கவில்லை. கூடியது வெளியிலிருந்து வந்த பணமும் வந்து பார்க்கிற ஆட்களும். முப்பது கட்டில் போட்டுவிட்டால், முப்பது பிள்ளைகளைத் தேடி யாராவது ஒருவர் கிராமத்துக்குப் போவார். ஏழைத் தாயிடம் நல்ல வார்த்தையாகத்தான் பேசுவார்.

நீங்கள் சொன்ன வசனத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அதில் திக்கற்ற பிள்ளைகள் மட்டும் இல்லை. "திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும்" என்று சேர்த்துத்தான் இருக்கிறது. பிள்ளையும் தாயும். அவர்கள் படுகிற உபத்திரவத்திலே, அதாவது அவர்கள் இருக்கிற இடத்திலே போய், விசாரிக்கச் சொல்கிறது. நம் ஊரில் விசாரிப்பது என்றால் என்ன? வாசலில் நின்று, எப்படி இருக்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்பது. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துக் கூட்டிக்கொண்டு வருவதை யாரும் விசாரிப்பது என்று சொல்வதில்லை.

அடுத்த வருடம் குழுவாகப் போகவில்லை, நாங்கள் நான்கு பேர்தான் போனோம். அந்த அம்மாவின் வீட்டுக்குக் கூரை போட்டோம், ஒரு கழிப்பறை கட்டினோம். அதே கொத்தனார்தான், அதே மட்டக் குழாய்தான். இல்லத்தாரே முன்னின்று அவளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்து, பள்ளிச் செலவையும் ஏற்றுக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி முடியாது, அடிக்கிற தகப்பனிடம் திரும்ப அனுப்பக் கூடாத பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் அந்தக் கட்டடம் ஒழுகாமல், கடிக்காமல் நிற்க வேண்டும்.

உங்கள் மனைவி கேட்டதில் பெரும்பாதி சரி. பதினெட்டுப் பேர் 1,200 வெள்ளி என்றால் 21,600. மூன்று பேர் போங்கள்: நீங்கள், ஒரு எலெக்ட்ரீஷியன், ஒரு பிளம்பர். மீதிப் பதினைந்து பேர் பணம் அந்த ஊர்க் கொத்தனாருக்கும், தகரத்துக்கும், வயருக்கும், பிள்ளைகளின் வீடுகளுக்கும் போகட்டும். மறுபடி ஒழுகினால் ஏணியோடு வரப்போகிறவர் அந்தக் கொத்தனார்தான், நாம் இல்லை. பணத்தை மட்டும் அனுப்பினால் போதாதா என்றால், கட்டில் கடிக்கிறது என்பதைக் கடிதத்தில் யாரும் எனக்கு எழுதியிருக்கமாட்டார்கள். அதற்காகத்தான் தெரிந்த கண் ஒன்று நேரில் போக வேண்டும் என்கிறேன்.

செங்கல் வாங்க நேர்ந்தால் எந்தச் சூளை என்று கேளுங்கள். புனோம் பென்னைச் சுற்றியும் காண்டாலிலும் உள்ள சூளைகளில் கடனுக்காகக் குடும்பம் குடும்பமாகக் கட்டுண்டு கிடக்கிறார்கள், பிள்ளைகளும் சேர்ந்து. முன்பணம் வாங்கிச் சூளைக்குப் போவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2013-ல் நான் அதைக் கேட்கவில்லை, அது இன்றுவரை உறுத்துகிறது.

சபையில் பேசும்போது கோபப்படாதீர்கள். பெயிண்ட் அடிக்க ஆசைப்படுகிறவர்களின் ஆசை கெட்ட ஆசை இல்லை. முதலில் இல்லத்தின் பொறுப்பாளருக்கு இரண்டு கேள்வி எழுதி அனுப்புங்கள். நாற்பது பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள்? புதுக் கட்டடத்தில் வரப்போகிற முப்பது பேர் இன்று இரவு எங்கே தூங்குகிறார்கள்? அதோடு ஓர் உதவியும் கேளுங்கள். அங்கே இப்போது மழைக்காலம். நீங்கள் போகும் டிசம்பரில் கூரையும் சுவரும் காய்ந்து நன்றாகத்தான் தெரியும். ஆகவே அடுத்த பெரிய மழையில் யாராவது ஒரு பெரிய பையனிடம் போனைக் கொடுத்து, விடுதியை உள்ளேயும் வெளியேயும் சுற்றி ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கூரை விளிம்பு, சுவர் அடி, ஸ்விட்ச் போர்டு, கக்கூஸ் பக்கம் எல்லாம் வர வேண்டும். வந்ததும் எனக்கும் அனுப்புங்கள். என்ன சாமான் கொண்டுபோக வேண்டும் என்று அதைப் பார்த்துவிட்டுச் சேர்ந்து பட்டியல் போடுவோம்.

அன்புடன்